கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்

எங்கள் அப்பா இந்திய மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே இந்திய பாஸ்போர்ட் வாங்கியவர். இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். நான் 1988இல் கூடலூர் அரசு மருத்துவமனையில் பிறந்தேன். படித்தது, ஓட்டுப் போட்டது எல்லாம் இந்த மலையில்தான். சவுதியில் நர்ஸ் வேலை கிடைத்து, முதல்முறையாக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். பதிலுக்கு வந்த கடிதம், நான் இந்தியக் குடிமகள்தானா என்பதற்கு ஆதாரம் கேட்டது.

இந்தக் கடிதம் எங்கள் லைனில் வேறு சில வீடுகளுக்கும் வந்திருக்கிறது. சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், கேள்விதான் சிலரிடம் மட்டும் கேட்கப்படுகிறது.

பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், போட்டோ, கைரேகை என்று வரிசையாக முடிந்துவிட்டது. படிவத்தில் குடியுரிமை எப்படி வந்தது என்று ஓர் இடம் இருக்கும்: பிறப்பால், வம்சாவளியால், பதிவால் என்று. அப்பா பதிவு செய்து குடிமகன் ஆனவர் என்பதால் சில பிள்ளைகள் தாங்களும் ‘பதிவு’ என்று போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். இந்தியாவில் பிறந்திருந்தால் ‘பிறப்பு’தான். அதை மாற்றிப் போட்டால் இல்லாத பதிவுச் சான்றிதழைக் கேட்பார்கள்.

சிக்கல் போலீஸ் விசாரணையில் தொடங்கியது. அப்பா எங்கே பிறந்தார் என்று படிவத்தில் கேள்வி கிடையாது. ஸ்டேஷனில் கேட்டார்கள்.

“ஏம்மா, அப்பா சிலோனா?”

“ஆமாங்க சார். ஒப்பந்தத்துல வந்தவங்க.”

“அகதிங்களா?”

“இல்லீங்க சார். இந்தியா பாஸ்போர்ட்டோட வந்தவங்க.”

ஏட்டையா தலையாட்டிக்கொண்டே எழுதினார். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது எதிர்வீட்டு அக்காவும் “அவங்க சிலோன்காரங்க” என்று சொல்லியிருக்கிறார். அவர் மேல் குறையில்லை. கூடலூரில் எங்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல் அரசாங்க அறிக்கையில் ஏறும்போது ஆளே மாறிவிடுகிறார். ‘பெற்றோர் இலங்கையைச் சேர்ந்தவர்கள், குடியுரிமை ஆவணம் காட்டப்படவில்லை’ என்று அறிக்கை போயிருந்தது. காட்டச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை. அதனால் முதல் பாடம் இதுதான்: போலீஸ் விசாரணைக்குப் போகும்போதே அப்பாவின் பழைய பாஸ்போர்ட் நகலை எடுத்துப்போய், கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு இன்னொரு நகலில் கையெழுத்துக் கேளுங்கள். எதிர்மறை அறிக்கை போனபிறகு அதைத் திருப்புவதற்கு ஆகும் அலைச்சல் பலமடங்கு.

கடிதம் வந்ததும் சித்தப்பா ஒரு பட்டியல் சொன்னார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பான் கார்டு, இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி இளம்பெண், மரியாதையாகத்தான் பேசினார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, கட்டைத் திருப்பித் தந்தார். “இதெல்லாம் நீங்க யாரு, எங்க இருக்கீங்கன்னுதான் சொல்லுதுங்க. அப்பாவோட குடியுரிமைக்கு என்ன இருக்கு?” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஆதார் எண் குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்பிடத்துக்கோ ஆதாரம் ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது.

ஏன் அப்பாவைக் கேட்கிறார்கள்? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவில் பிறந்தவர்களைப் பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர்கள், தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது, பிள்ளை பிறந்த நேரத்தில் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். என் அண்ணன் 1985இல் பிறந்தவன். அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று போதும். அதே வீட்டில், அதே அம்மாவுக்குப் பிறந்த நான் அப்பாவின் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் பிறந்த தேதி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். எந்தக் காகிதம் வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

அந்தக் கதை இது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இந்தியா ஏற்றவர்களைக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(ஆ) பிரிவில் பதிவு செய்து, பாஸ்போர்ட் கொடுத்து அனுப்பினார்கள். தமிழ்நாட்டு அரசு இவர்களை ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதுகிறது. மலைநாட்டிலிருந்து இவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு அங்கே ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். 1990களில் பிறந்த ஓர் அதிகாரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. ஆனால் அந்த அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடுத்ததே இந்திய அரசாங்கம்தானே?

அப்பாவின் பாஸ்போர்ட் அம்மாவின் தகரப் பெட்டியில், ஒரு பழைய வாயில் புடவைக்குள் இருந்தது. அட்டையின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது, உள்ளே பக்கங்கள் தப்பித்திருந்தன. அப்பாவின் போட்டோவின் மேல் பாதி ஏறியிருந்த கண்டி அலுவலக முத்திரை, பதிவு எண், தேதி, பின்பக்கத்தில் இராமேசுவரத்தில் இறங்கியபோது குத்திய ஊதா முத்திரை. அதோடு சேர்த்து, மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து. முத்திரையின் ஒவ்வொரு எழுத்தையும் செல்போனில் பெரிதாக்கிப் படித்து ஒரு தாளில் எழுதினேன். பழைய மை மங்கிவிடும், அதிகாரியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கமாட்டார். நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இந்தப் புத்தகத்தை லேமினேஷன் செய்யக் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் செய்யாதீர்கள். சூட்டில் மை இளகும், முத்திரையைத் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்கவும் முடியாது. கலர் ஸ்கேன் எடுத்துவையுங்கள். அசலை யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். அவர்கள் எதிரிலேயே காட்டி, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

‘இது காலாவதி ஆன பாஸ்போர்ட்’ என்று ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. பயண ஆவணம் காலாவதியாகும். குடியுரிமைக்குக் கெடு தேதி கிடையாது. அந்தத் தேதியில் அப்பா குடிமகன் ஆகிவிட்டார், அதற்குப்பின் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கவில்லை என்பதுதான் வாதம். இதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

அடுத்த தலைவலி பெயர். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியது பாஸ்போர்ட்டில் ‘முத்தய்யா’. ரேஷன் கார்டில் ‘முத்தையன்’. என் பள்ளிச் சான்றிதழில் வெறும் ‘முத்து’. தாத்தா பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எடுத்தேன். அதைவிட உதவியது குடும்ப அட்டை: அதில் அப்பா பெயருக்குக் கீழே பாட்டி பெயரும் அத்தை பெயரும் வயதோடு இருந்தன. அத்தை அதே பெயரில்தான் இன்றும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார். சொந்தக்காரர்களின் பெயர்ப் பொருத்தம் பல நேரம் பிரமாணப் பத்திரத்தைவிடக் கனமானது.

அம்மாவும் ஒப்பந்தத்தில் வந்தவர்தான், சிறுமியாக, தாத்தாவின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்த்து. அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை. என் பிறந்த தேதிக்கு ஒருவர் போதும் என்பதால் அம்மாவின் பக்கத்தைக் கோப்பில் கொண்டுவரவே இல்லை. இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இருப்பதையெல்லாம் கொட்டினால் ஏதோ ஒன்றில் ஓர் எழுத்து இடிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கடிதம் வரும். வலுவான பக்கம் எதுவோ அதை மட்டும் காட்டுங்கள். கேட்டால் மற்றதைக் கொடுக்கலாம், மறைக்கச் சொல்லவில்லை.

என் பதில் கடிதம் ஒரே பக்கம். நான் பிறந்த தேதியும் இடமும், அந்தத் தேதிக்குப் பொருந்தும் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அப்பாவின் பதிவு எண்ணும் தேதியும், வந்திறங்கிய தேதி, நான் அவர் மகள் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பு எண். முடிவில், மறு போலீஸ் விசாரணைக்கு உத்தரவிடும்படி ஒரு வரி. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி முதல் விசாரணை அறிக்கையைக் கேட்டேன். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் பதில் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். மறு விசாரணைக்கு வந்தவர் வேறு காவலர். அம்மா தேத்தண்ணி கொடுத்தார், நான் கோப்பைக் கொடுத்தேன். அதன்பின் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. சவுதி வேலை அதற்குள் போய்விட்டது என்பது தனிக்கதை. பிறகு வேறொன்று கிடைத்தது.

மறுத்திருந்தால்? 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் குடிமகன் அல்ல என்ற காரணத்துக்கு 6(2)(அ) பிரிவில் மறுப்பார்கள். மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. 11ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். ‘கோப்பு மூடப்பட்டது’ என்ற குறுஞ்செய்தியோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அது உத்தரவு ஆகாது, உத்தரவு இல்லாமல் மேல்முறையீடும் இல்லை.

பாஸ்போர்ட்டே தொலைந்துபோன வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. மழையில் போனது, அடகுக்காரரிடம் போனது, தாத்தாவோடு சேர்த்துப் புதைத்தது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். அவர்கள் முதலில் குடும்ப அட்டையைத் தேடட்டும். அதுவும் இல்லையென்றால், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்தவராக இருந்தால் பணிப்பதிவேடு. அந்தத் தோட்டங்களே தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் தொடங்கப்பட்டன. அடுத்தது ரெப்கோ வங்கி. 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக ஏற்பட்டது. அப்பா உறுப்பினராக இருந்து கடன் வாங்கியிருந்தால் காகிதம் இருக்கும். சென்னையில் மறுவாழ்வுத் துறைக்கு எழுதலாம். கண்டியில் இந்தியத் துணைத் தூதரகம் இன்றும் இருக்கிறது. பாஸ்போர்ட் எண் எங்காவது குறித்திருந்தால் அங்கேயும் கேட்கலாம். இவை எதுவும் தனியாகக் குடியுரிமையை நிறுவாது. இரண்டு மூன்று சேர்ந்தால் பேச இடம் கிடைக்கும்.

எனக்குக் கைகொடுத்த எதுவும் உதவாத ஒரு கூட்டமும் உண்டு. 1984இல் இராமேசுவரம் கப்பல் நின்றுபோனது. அதற்குப்பின் கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்த தோட்டத் தமிழர்களை, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களையும் சேர்த்து, அகதிகள் என்று முகாமில் வைத்தார்கள். எங்கள் உறவிலேயே ஒருவன் முகாமில் பெண் எடுத்தான். பையன் 2006இல் பிறந்தான். அப்பா இந்தியக் குடிமகன், அம்மா சட்டத்தின் கண்ணில் அனுமதியில்லாமல் வந்தவர். பையன் 2004 டிசம்பருக்குப் பிந்தைய மூன்றாவது கட்டத்தில் விழுகிறான். இப்படிப்பட்டவர்கள் தரகரிடம் பணம் கொடுக்காமல் வழக்கறிஞரிடம் போங்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று சொல்லி பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்து முகாமில் இருப்பவர்கள் அந்தத் தீர்ப்பின் நகலை வைத்துக்கொள்ளலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.