தீயும் கட்டுத்தறியும்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிடுகு வேய்ந்த கொட்டிலொன்று தீப்பற்றினால், அது எரிந்து விழச் சில நிமிடங்களே செல்லும். மனிதர் ஓடித் தப்பலாம். கட்டுத்தறியில் நிற்கும் மாடும் சங்கிலியிற் கிடக்கும் நாயும் ஓடமாட்டா. ஆதலின் கமக்காரர் முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

முதலிற் கயிற்றைக் கவனியுங்கள். மாடு மிரண்டு இழுக்க இழுக்க இறுகும் முடிச்சை அவ்வேளையில் எவராலும் அவிழ்க்க முடியாது. நுனியைப் பிடித்திழுத்தவுடன் அவிழும் முடிச்சையே இடுக. கொட்டில் வாயிலிற் சிறுவருக்கு எட்டாத உயரத்திற் கத்தியொன்றையும் செருகி வையுங்கள். இரவில் மாட்டை அவிழ்ப்பவர் யார், குழந்தைகளையும் முதியோரையும் படலைக்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்க. வெளியே கொணர்ந்த மாட்டைக் காற்று வரும் பக்கத்தில், தூரத்தே கட்டுங்கள். விட்டுவிட்டால் அது பழகிய கொட்டிலுக்கே திரும்பியோடக்கூடும். பூனையோ ஒளிந்துகொள்ளும். அதைத் தேடி எரியும் வீட்டினுள் எவரும் புகலாகாது. வெளியே நின்று அழையுங்கள்.

சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் வைக்கோற் பட்டடை வீட்டுக்கும் கொட்டிலுக்கும் வடகிழக்கே, விலகி இருத்தல் நன்று. அடுப்புச் சாம்பலை நீரூற்றி அவித்த பின்னரே கொட்டுக.

மின்சாரத்தை நிறுத்தினால் மின்சார நீர்ப்பம்பியும் நின்றுவிடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கிணற்றடியிற் கயிறும் வாளியும் எப்பொழுதும் இருக்கட்டும். மண்ணெண்ணெய்த் தீக்கு நீரூற்றாது மணலையோ நனைத்த சாக்கையோ இடுக. கூரைத் தீ சிறிதாயிருக்கையிற் கொக்கத்தடியாற் கிடுகை இழுத்து விழுத்தலாம். பரவிவிட்டால் அம்முயற்சி வேண்டாம். தீயணைப்புச் சேவையை 110 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.