வியர்வையில் கரைவது கொழுப்பல்ல

லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக வருகிறது என்று டாக்டர் ஜெரமி மாரிஸ் 1953-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை ஆராயும் நவீன அறிவியலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஆய்வுகளில் அது ஒன்று. அந்தக் கண்டக்டர்களைக் காப்பாற்றியது டிராக் சூட்டோ புரோட்டீன் பவுடரோ இல்லை, படிக்கட்டுதான். அதற்குப் பிறகு அறிவியலும் வளர்ந்தது. கூடவே கட்டுக்கதைகளும் வளர்ந்தன. சில கதைகள் நம் பணத்தைக் கறக்கின்றன. பல கதைகள் நம்மை வாசற்படி தாண்டவே விடுவதில்லை.

நம்பிக்கை: தினமும் 10,000 ஸ்டெப்ஸ் நடக்காவிட்டால் பலனில்லை.

உண்மை: இந்த எண்ணை எந்த டாக்டரும் சீட்டில் எழுதித் தரவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965-ல் ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்பதற்காக வைத்த இலக்கு அது. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக 72 வயதான 16,000-க்கும் மேற்பட்ட பெண்களின் நடையை எண்ணிப் பார்த்தது. நாளுக்கு 2,700 ஸ்டெப்ஸ் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-ஐத் தாண்டியபின் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இளையவர்கள் கூடுதலாக நடந்தால் நல்லதுதான். ஆனால் 3,000 நடப்பவர் 4,500-க்குப் போவதே பெரிய லாபம். ‘பத்தாயிரமெல்லாம் நம்மால் ஆகாது’ என்று செருப்பைக் கழற்றிப் போட வேண்டியதில்லை.

நம்பிக்கை: சிட்-அப்ஸ் எடுத்தால் தொப்பை கரையும்.

உண்மை: வயிற்றுத் தசை வலுப்படும், அதன் மேல் படிந்த கொழுப்பு அசையாது. உடல் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும்போது, எந்தத் தசை வேலை செய்கிறதோ அதன் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதில்லை. டென்னிஸ் வீரர்கள் வருடக்கணக்கில் ஒரே கையால் பந்தை அடிக்கிறார்கள். 1971-ல் அவர்களுடைய இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆடும் கை பருமனாக இருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் கொழுப்பின் தடிமன் இரண்டிலும் ஒன்றுதான். 2011-ல் இன்னோர் ஆய்வில் வேறு சிலருக்கு ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. தொப்பை குறைய வேண்டுமானால் மொத்த உடம்பும் குறைய வேண்டும். அதற்குப் பயிற்சியோடு சாப்பாட்டுத் தட்டையும் கவனிக்க வேண்டும். அரை மணி நேர வேக நடையில் செலவாவது சுமார் 150 கலோரி. திரும்பும் வழியில் சாப்பிடும் இரண்டு மெதுவடை அதை ஈடுகட்டி மிச்சமும் வைக்கும்.

நம்பிக்கை: நிறைய வியர்த்தால் எடை குறையும்.

உண்மை: குறையும், அடுத்த சொம்பு தண்ணீர் குடிக்கும் வரை. வியர்வை உடம்பைக் குளிர்விக்கும் ஏற்பாடு. சென்னை மே மாதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கிறதே! இடுப்பில் வியர்க்க வைக்கும் பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு ஓடுவதால் போவது நீரும் உப்பும்தான்.

நம்பிக்கை: மறுநாள் உடம்பு வலித்தால்தான் செய்த பயிற்சிக்கு அர்த்தம். அந்த வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலம்.

உண்மை: பயிற்சியின்போது உருவாகும் லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் வெளியேறிவிடும். வலி உச்சத்துக்கு வருவதோ ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து. பழகாத வேலையில் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வேலையும்தான் காரணம். மலைக்கோயிலுக்குப் படியேறிப் போனவருக்கு, இறங்கி வந்த பிறகு தொடை பிடித்துக்கொள்வது இதனால்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது. பழகப் பழக வலி குறையும், பலன் குறையாது. மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி வேறு. அது வந்தால் நிறுத்த வேண்டும்.

நம்பிக்கை: எடை தூக்குவது இளவட்டங்களின் வேலை. பெண்கள் தூக்கினால் ஆண்போல ஆகிவிடுவார்கள். வயதானவர்கள் தூக்கவே கூடாது.

உண்மை: புடைத்த தசைக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. எடைப் பயிற்சியால் அவர்களுக்குக் கிடைப்பது வலுவும் எலும்புறுதியும். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் வயதில் இது இன்னும் அவசியம். முதியோர் விஷயத்தில் 1990-ல் பாஸ்டனில் நடந்த சின்ன ஆய்வு ஒன்று போதும். முதியோர் இல்லத்தில் இருந்த, சுமார் 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாதிருந்த மூன்று பேரில் ஒருவர் தானாக எழுந்தார்.

நம்பிக்கை: ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும்.

உண்மை: பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் பார்த்தபோது, ஆரோக்கியத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். ஏற்கெனவே மூட்டு வலியும் அதிக எடையும் உள்ளவர்கள் நடையில் தொடங்கலாம்.

நம்பிக்கை: பயிற்சியை விட்டால் தசை கொழுப்பாக மாறிவிடும்.

உண்மை: இரண்டும் வேறு வேறு திசு, ஒன்று மற்றொன்றாக மாறாது. பயிற்சி நின்றதும் தசை சுருங்குகிறது. சாப்பாடு பழையபடியே தொடர்வதால் கொழுப்பு சேர்கிறது.

நம்பிக்கை: வீட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?

உண்மை: மூச்சு வாங்க வைக்கும் எந்த வேலையும் கணக்கில் சேரும். குந்தி உட்கார்ந்து தரை துடைப்பதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவதும் சேரும். மிக்ஸி ஓடும்வரை அடுப்படியில் நின்றால் கால் கடுக்கும், இதயத்துக்கு வேலையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது பயிற்சி. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்து 2014-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வில், 54.4 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டு, பயிற்சி என்று ஏதாவது செய்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. நேரத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் செல்லும் என்று 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தசைப் பயிற்சிக்குச் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் நல்ல நாள் பார்க்க வேண்டாம். இன்று இரவு சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் தெருவில் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்த நடை குறைக்கும்.