லகாஷ் நகரத்துத் தானியக் கணக்கு

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய விளையாட்டுத் திட்டம் வந்து சேர்ந்தது. தம்பிக்குப் பின்னக் கணக்கு ஏறவில்லை என்றதும், அவனைக் கடிந்துகொள்ளாமல் அவனுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து தரலாம் என்று நினைத்தாயே, அதற்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. படங்களும் நன்றாக வந்திருக்கின்றன. விளையாட்டின் அமைப்பைப் பற்றித்தான் உன்னிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

உன் திட்டப்படி திரையில் ஒரு பின்னக் கணக்கு வரும். நான்கு விடைகளில் சரியானதைத் தொட்டால் ஒரு பலூனைச் சுடலாம். தப்பாகத் தொட்டால் ஓர் உயிர் போகும். இப்போது அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மாநிலத் தலைநகரங்களைப் போட்டுப் பார். விளையாட்டு அப்படியே ஓடும். கேள்விப் பட்டியலைத் தவிர நிரலில் ஒரு வரியைக்கூட நீ மாற்ற வேண்டியிருக்காது. அதாவது பின்னத்துக்கும் பலூனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தம்பி இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவான். கணக்கை எப்படியாவது தாண்டிவிட்டுச் சுடுவதுதான் அவன் வேலையாக இருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதே பலூனை வைத்து இதே பின்னத்தைச் சொல்லிக்கொடுக்க 1970களிலேயே ஒருவர் விளையாட்டு செய்திருக்கிறார். பெயர் ஷாரன் டக்டேல். இடம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம். அங்கே டொனால்ட் பிட்சர் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வித் திட்டம் அதற்குள் பெரிதாக வளர்ந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய கணினி. அதோடு கம்பிவழி இணைந்து பல இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகள். டக்டேலின் விளையாட்டுக்கு டார்ட்ஸ் என்று பெயர். திரையில் மேலும் கீழுமாக ஓர் எண்கோடு நிற்கும். முழு எண்கள் மட்டும் குறித்திருக்கும். கோட்டில் ஆங்காங்கே பலூன்கள் ஒட்டியிருக்கும். ஒரு பலூன் எந்த எண்ணில் இருக்கிறது என்று யூகித்துத் தட்டினால், ஓர் அம்பு பறந்துபோய் அந்த எண்ணின் இடத்தில் குத்தும். பலூன் அங்கே இருந்தால் உடையும். இல்லாவிட்டால் அம்பு அங்கேயே குத்தி நிற்கும்.

உன் தம்பி இதை ஆடுவதாக வைத்துக்கொள். பலூன் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒன்றரை என்று தட்டுகிறான். அம்பு பலூனுக்குக் கீழே குத்துகிறது. ஒன்றேமுக்கால் என்று தட்டுகிறான். அம்பு மயிரிழையில் மேலே போய்விடுகிறது. இப்போது அவனுக்கு ஒன்றரையைவிடப் பெரிய, ஒன்றேமுக்காலைவிடச் சிறிய ஒரு பின்னம் வேண்டும். யாரும் அவனிடம் கேள்வி கேட்கவில்லை. அவனாகவே தேடுகிறான். ஒன்றே மூன்றில் இரண்டு சரிப்படுமா? தட்டிப் பார்க்கிறான். குறி தவறினால்கூட எந்தப் பக்கம், எவ்வளவு தவறியது என்று குத்தி நிற்கும் அம்பே காட்டிக்கொடுக்கிறது. உன் திட்டத்தில் தப்பான விடைக்கு ஓர் உயிர் போகிறது. அதிலிருந்து அவனுக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை.

ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் மலோன், குழந்தைகளைக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஏன் இழுக்கின்றன என்று ஆராய்ந்தபோது இந்த டார்ட்ஸைத்தான் கையில் எடுத்தார். அம்பை நீக்கி ஒன்று, இசையை நீக்கி ஒன்று என்று பல வடிவங்கள் செய்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆடக் கொடுத்தார். அம்பு பலூனை உடைக்கும் அந்தக் கற்பனை சிறுவர்களை இழுத்தது. சிறுமியருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1980இல் முடிந்த அந்த ஆய்வில் அவர் ஒரு பிரிவினையைச் செய்தார். சில விளையாட்டுகளில் கற்பனை பாடத்தின் மேல் சும்மா ஒட்டியிருக்கும். சிலவற்றில் பாடத்துக்குள்ளேயே இருக்கும்; பாடத்தைப் பிடுங்கினால் விளையாட்டும் கூடவே வந்துவிடும். எனக்கு இன்றுவரை இதைவிட நல்ல உரைகல் கிடைக்கவில்லை. எந்தக் கல்வி விளையாட்டைப் பார்த்தாலும் முதலில் இதில்தான் உரைத்துப் பார்ப்பேன்.

1982இல் வந்த ராக்கிஸ் பூட்ஸ் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறும். செய்தவர்கள் வாரன் ராபினெட், லெஸ்லி கிரிம் இருவரும். ராபினெட் அதற்கு முன் அட்டாரி நிறுவனத்தில் அட்வென்ச்சர் என்ற விளையாட்டைச் செய்தவர். விளையாட்டு எழுதியவரின் பெயரை அந்த நிறுவனம் அப்போது போடாது என்பதால் தன் பெயரை ஓர் இரகசிய அறைக்குள் ஒளித்துவைத்தார். ராக்கிஸ் பூட்ஸில் உன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் வரும் அதே ஆண்ட், ஆர், நாட் வாயில்களைக் கம்பியால் இணைத்து ஓர் இயந்திரம் கட்ட வேண்டும். வரிசையாக வரும் உருவங்களில் குறிப்பிட்டவற்றை மட்டும் அது உதைத்துத் தள்ள வேண்டும். மின்சாரம் ஓடும் கம்பி ஆரஞ்சு நிறமாக மாறுவதால் இணைப்பில் எங்கே பிசகு என்று கண்ணுக்கே தெரியும். இதை விளையாடாதவர்கள் பாவம் என்று நினைப்பேன்.

இன்னும் பத்து ஆண்டு பின்னே போனால் ஒரு வகுப்பறைக் கதை இருக்கிறது. 1971. மினியாபொலிஸ் நகரத்தில் டான் ராவிட்ச் என்ற கல்லூரி மாணவர் ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்த மக்களின் பயணம்தான் பாடம். அட்டையில் வரைபடம் போட்டு, பகடை உருட்டி ஆடும் விளையாட்டாக அதை அமைக்க நினைத்தார். அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டிலன்பெர்கர் இருவரும் கணக்குப் பயிற்சி ஆசிரியர்கள், நிரல் எழுதத் தெரிந்தவர்கள். கம்ப்யூட்டரில் செய்யலாம் என்றார்கள். இரண்டே வாரம். அவர்கள் பள்ளியில் துப்புரவுப் பணியாளர் அறையாக இருந்த ஒரு சின்ன இடத்தில் டெலிடைப் இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து பேசிக் மொழியில் தட்டி முடித்தார்கள். டிசம்பர் 3 அன்று வகுப்புக்கு வந்தது ‘ஆரெகன் ட்ரெயில்’.

திரை கிடையாது, யாழினி. டெலிடைப் என்றால் தட்டச்சு இயந்திரம்போல ஒன்று. கேள்வியும் பதிலும் காகிதச் சுருளில் கடகடவென்று அச்சாகும். கையில் 700 டாலர். மாடுகளுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு, உடுப்புக்கு எவ்வளவு? மாட்டில் மிச்சம் பிடித்தால் வண்டி மெதுவாகப் போகும். மலையைத் தாண்டுவதற்குள் பனி பிடித்துக்கொள்ளும். உடுப்பில் மிச்சம் பிடித்தால் குளிரில் நோய் வரும். வேட்டையாட வேண்டுமென்றால் ‘பேங்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் வேகமாகத் தட்ட வேண்டும். இருந்தது ஒரே இயந்திரம் என்பதால் பிள்ளைகள் சுற்றி நின்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வேகமாகத் தட்டுபவர் வேட்டைக்கு, ஒருவர் வரைபடத்துக்கு, ஒருவர் கணக்குக்கு.

பருவம் முடிந்ததும் ராவிட்ச் நிரலைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, கணினியிலிருந்து அழித்துவிட்டார். 1974இல் மெக் என்ற மினசோட்டா கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் காகிதத்தைப் பார்த்து மறுபடி முழுவதையும் தட்டி ஏற்றினார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்துதான் வருகிறது. அவர் அன்றைய பயணிகள் எழுதிய நாட்குறிப்புகளைத் தேடிப் படித்தார். எந்தப் பகுதியில் மழை அதிகம், எங்கே குளிர், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வண்டி உடைகிறது என்று கணக்கெடுத்து, விளையாட்டில் நிகழ்வுகள் வரும் வாய்ப்பை அதற்கேற்ப மாற்றினார். அதுவரை குத்துமதிப்பாக இருந்த எண்கள் வரலாற்றிலிருந்து வந்த எண்களாயின. பிள்ளைகள் அந்த எண்களை ஒருபோதும் பார்க்கவில்லை. ஆனால் சமவெளியில் கொட்டும் மழையும் மலையில் வதைக்கும் குளிரும் நிஜமாக நடந்த அளவிலேயே அவர்களுக்கு வந்தன.

இதில் ஒரு குறையும் உண்டு, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாதை போன நிலம் பூர்வகுடிகளுடையது. முடிவெடுக்கும் இடத்தில் விளையாட்டு உட்காரவைத்ததோ குடியேறிகளை மட்டும். பூர்வகுடிகள் வழியில் எதிர்ப்படும் நிகழ்வுகளாக வந்துபோனார்கள். நாட்குறிப்புகளைப் படித்தபின் ராவிட்ச் அவர்களை உணவும் வழியும் காட்டி உதவுபவர்களாகக் காட்ட முயன்றது உண்மை. ஆனாலும் அவர்கள் பக்கத்திலிருந்து ஆட, 2019இல் எலிசபெத் லாபென்சே முதலானோர் செய்த ‘வென் ரிவர்ஸ் வேர் ட்ரெயில்ஸ்’ வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் நீ நிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஓர் அனிஷினாபே பூர்வகுடி ஆள். விதிகளை எழுதும்போது யாருக்கு முடிவெடுக்கும் உரிமை தருகிறோம் என்று யோசித்துத் தர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டீச்சர் இருக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் கட்டோனா என்ற ஊரில் நான்காம் வகுப்பு நடத்திய மேபல் ஆடிஸ். வெஸ்ட்செஸ்டர் வட்டாரக் கல்வி அமைப்பும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, கணினி வழியாகப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று சோதிக்கக் கிளம்பின. பழைய சுமேரியாவைக் களமாக வைக்கலாம் என்று ஐபிஎம்மைச் சேர்ந்த புரூஸ் மான்கிரீஃப் யோசனை சொன்னார். கிரேக்கர்களுக்கு முந்தைய நாகரிகங்களைப் பள்ளிக்கூடங்கள் கண்டுகொள்வதே இல்லை என்பது அவர் வருத்தம். மெசப்பொத்தேமிய வரலாறு படித்திருந்த ஆடிஸ் அதைப் பிடித்துக்கொண்டார். கதையும் விதிகளும் அவர் எழுத, வில்லியம் மக்கே நிரலாக்கினார். 1964இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் அதை ஆடிப் பார்த்தார்கள்.

விளையாட்டில், லகாஷ் என்ற சுமேரிய நகரத்தின் அரசன் முதலாம் லுடுகா. அவன் இடத்தில் உட்காருவது பிள்ளை. அறுவடைக் கணக்கு அச்சாகிறது. இவ்வளவு தானியத்தில் மக்களுக்குச் சாப்பாடு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, களஞ்சியத்துக்கு எவ்வளவு? சாப்பாட்டைக் குறைத்தால் மக்கள் சாவார்கள். விதையைக் குறைத்தால் அடுத்த பருவத்தில் சாவார்கள். இதற்கு நடுவே தீயோ வெள்ளமோ வந்து களஞ்சியத்தைக் கொண்டுபோகும். இரண்டாம் லுடுகா காலத்தில் கைத்தொழில் வரும். மூன்றாம் லுடுகா காலத்தில் வாணிபம். பின்னால் திருத்தியபோது அரசவைக் கூட்டங்களை ஒலிநாடாவில் பதிந்து, படவில்லைகளையும் சேர்த்தார்கள். இத்தனையும் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுகள் கடைக்கு வருவதற்கு முன்பு! அந்த நிரல் தொலைந்துபோய்விட்டது. சில அச்சுத் தாள்களும் படவில்லைகளும்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆடிஸ் 2004இல் காலமானார். விளையாட்டு உருவாக்குவோரின் முன்னோடி விருது அவருக்குக் கிடைத்தது 2023இல். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆனால் அவர் யோசனை பிழைத்தது. அதைக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் 1968இல் முதல் பகுதியை மட்டும் ஒரு சிறு கணினிக்காக மறுபடி எழுதினார். டேவிட் ஆல் அதைப் பேசிக் மொழிக்கு மாற்றி, ‘ஹமுராபி’ என்ற பெயரில் 1973இல் தன் புத்தகத்தில் சேர்த்தார். அந்தப் புத்தகத்தின் 1978 பதிப்பு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த நிரல் நூற்றுச் சொச்சம் வரிகள்தான். உன்னால் ஒரு நாளில் படித்துவிட முடியும்.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹமுராபியின் முதல் ஆண்டைப் போட்டுப் பார். மக்கள் 100 பேர், நிலம் 1000 ஏக்கர், கையிருப்பு 2800 புஷல் தானியம் (புஷல் என்பது ஒரு முகத்தல் அளவு). ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 20 புஷல் சாப்பாடு. எல்லாருக்கும் போட்டால் 2000 போய்விட்டது, மிச்சம் 800. ஓர் ஏக்கர் விதைக்க அரைப் புஷல், ஓர் ஆள் 10 ஏக்கர்தான் உழ முடியும். 1000 ஏக்கருக்கும் விதை 500. மிச்சம் 300. விளைச்சல் ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை எதுவும் இருக்கலாம். மூன்று விளைந்தால் 3300 கைக்கு வரும், நிம்மதி. ஒன்றுதான் விளைந்தது என்றால்? 1300. அதிலும் எலிகள் வந்து பங்கு கேட்கும். அடுத்த ஆண்டுக்கு 2000 வேண்டுமே! நிலத்தை விற்கலாம், விலை ஏக்கருக்கு 17 முதல் 26 புஷலுக்குள் ஆண்டுக்காண்டு மாறும். விற்றுவிட்டால் உழுகிறவனுக்கு நிலம் ஏது? ஒரே ஆண்டில் 45 சதவீதத்துக்கு மேல் மக்கள் பட்டினியில் செத்தால் பதவி பறிபோகும்.

பெருக்கல், வகுத்தல், விகிதம், நிகழ்தகவு எல்லாம் இதற்குள் வந்துவிட்டன, கவனித்தாயா? ‘கணக்கைப் போடு’ என்று நிரலில் எங்குமே இல்லை.

தம்பியின் விளையாட்டை ஒரு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த நிரலை உன் பைத்தானில் திருப்பி எழுது. ஓடியதும், 20 புஷல் என்ற எண்ணை 25 ஆக்கு. வேறு எதையும் தொடாதே. அப்போது எத்தனை ஆண்டு உன் ஆட்சி நிலைக்கிறது, எந்த விதியைத் தளர்த்தினால் மக்கள் பிழைக்கிறார்கள் என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை