மண்சுவர் வீடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே விரிந்த கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி என்னும் பேரூர் உள்ளது. அங்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் முன்னாளில் வாழ்ந்த உழவர்கள், வீடு கட்டும் பொருளைத் தேடித் தொலைவிடம் சென்றாரல்லர். காலடி மண்ணே சுவராயிற்று. மலைப்புல்லும் தென்னங்கீற்றும் கூரையாயின.

மண்ணில் நீர் விட்டு, நறுக்கிய வைக்கோலைக் கலந்து, காலால் நன்கு மிதித்துப் புளிக்க விடுவர். பின்னர் ஒரு முழ உயரத்திற்கு ஒரு படை வைப்பர். அது உலர்ந்த பின்னரே அடுத்த படை ஏறும். விரைந்து எழுப்பிய சுவர் வெடித்துச் சரியுமாதலின், வேலை பொறுமையோடு நடந்தது. தடித்த அச்சுவர் கோடை வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஆடிக்காற்றோ அப்பள்ளத்தாக்கில் மிகக் கடுமையானது. அதற்கு அஞ்சியே கூரையைத் தாழ இறக்கி இறுகக் கட்டினர்; உள்ளே செல்வோர் யாவராயினும் தலை குனிந்தே செல்லல் வேண்டும். ஐரோப்பாவின் மேற்கெல்லையில் உள்ள அயர்லாந்து நாட்டுக் கடற்கரைச் சிற்றூராரும், தம் வைக்கோற் கூரையைக் காற்றுக் கொண்டுபோகா வண்ணம் கயிறிட்டுக் கற்களைத் தொங்கவிட்டனர். காற்றின் கொடுமைக்கு நாட்டு வேறுபாடு ஏது?

வீட்டினுள் மனிதரைவிடத் தானியத்திற்கே நல்லிடம் கிடைத்தது. மண்ணால் செய்த குலுக்கையில் தானியத்தை மேல்வாய் வழியே கொட்டி, அடியிலுள்ள துளை வழியே எடுத்தனர். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தினர். விதைகளைச் சாம்பலிற் புரட்டிப் பானையிலிட்டு வாயை மண்ணால் மூடினர். 1895-ஆம் ஆண்டு பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியாக இப்பக்கம் வந்தது. நெல் விளைவு பெருகிற்று. எனினும் மேட்டு நிலத்துக் கம்பும் சோளமும் குலுக்கையை விட்டு நீங்கவில்லை.

தீக்குச்சி பரவாத காலத்தில், அடுப்பின் கங்கினை இரவில் சாம்பலால் மூடி வைத்து, விடியலில் ஊதி எழுப்பினர். அயர்லாந்து மகளிரும் இவ்வாறே செய்தனர். கங்கு அவிந்துவிடின் அண்டை வீட்டில் நெருப்பு வாங்கி வருவர். புகைபோக்கியற்ற அவ்வடுக்களையில் புகையுண்டு கண் கெட்டவர் பெண்டிரே. இதனை மறந்து பழைய வீட்டைப் புகழ்வது நேர்மையன்று.

வாயிலின் இருபுறமும் சாணமிட்டு மெழுகிய திண்ணை இருந்தது. பகலில் முதியோர் அங்கமர்ந்து கயிறு திரித்தனர். இரவில் வழிப்போக்கர் துயின்றனர். விருந்தோம்பலுக்கு அத்திண்ணை சான்று என்பர். ஆயினும் அங்கு அமரும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. அச்சுவருக்கு மண் மிதித்த தொழிலாளர் பலர், சாதியின் பெயரால் விலக்கப்பட்டு, முற்றத்து வெயிலில் நின்றே கூலி பெற்றுச் சென்றனர்.