பழைய ரொட்டியும் காலைப் பசியாறலும்

தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் காலை நேரம் மிகக் குறுகியது. பொழுது புலருமுன் பெரியவர்கள் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகள் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். இந்த அவசரத்தில் ஒரு குவளைக் கோப்பியை மட்டும் குடித்துவிட்டுப் புறப்படும் பிள்ளைகளும் உளர். கோப்பி பசியைச் சற்று நேரம் மறைக்குமேயன்றி, வளரும் உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தராது. ஓய்வு வேளை மணி அடிக்கும் வரையில் அப்பிள்ளை வெறும் வயிற்றுடன் கணக்குப் பாடத்தைக் கவனித்தாக வேண்டும். அதே வீட்டில், முந்தாநாள் வாங்கிய ரொட்டித் துண்டுகள் நான்கைந்து எவரும் தொடாமல் காய்ந்து கிடப்பதும் உண்டு. அந்த ரொட்டியையே நல்ல பசியாறலாக்கும் முறையை இம்மாதம் காண்போம்.

ரொட்டியை முட்டையில் தோய்த்துப் பொரிப்பதை ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு டோஸ்ட்’ என்பர். பிரெஞ்சுக்காரர்களோ அதனை ‘பேன் பெர்டூ’, அதாவது ‘வீணான ரொட்டி’ என்றே அழைக்கின்றனர். வீணாக இருந்ததை மீட்டெடுப்பது என்னும் நோக்கம் பெயரிலேயே விளங்குகிறது. பெரும்பாலோர் இதனை இனிப்பாகச் செய்வர். நாம் இங்கு கூறுவது உப்பும் காரமும் சேர்ந்தது. நம் நாவுக்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் கருத்து.

புது ரொட்டி இதற்கு ஆகாதா என்று கேட்கலாம். புது ரொட்டி மிகவும் மெதுவானது. முட்டையில் இட்டதும் குழைந்து கையோடு வந்துவிடும். நாட்பட்ட ரொட்டியிலோ மாவுச்சத்து இறுகியிருப்பதால், அது முட்டையை உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கும். மீண்டும் சூடு படும்போது அந்த இறுக்கமும் தளர்ந்து உள்ளே மென்மையாகிவிடுகிறது.

ஆனால் நாட்பட்ட ரொட்டி வேறு, பூசணம் பிடித்த ரொட்டி வேறு. பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு சிறு புள்ளி தெரிந்தாலும் அந்த ரொட்டி முழுவதையும் எறிந்துவிடுக. புள்ளியை மட்டும் கிள்ளி எறிவதனால் பயனில்லை. பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். சிக்கனம் நல்லதுதான், பிள்ளையின் வயிற்றைப் பணயம் வைத்தன்று.

நான்கு துண்டு ரொட்டிக்கு முட்டை 3, பால் 4 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் சிறிது, சிறிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லித் தழை கொஞ்சம் போதும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பால் இல்லையேல் தண்ணீரே சேர்க்கலாம். கோப்பிக்கு ஊற்றும் இனிப்பான டின் பாலை மட்டும் ஊற்றாதீர்கள். சுவை கெடுவதோடு, முட்டை வேகுமுன் சர்க்கரை கருகிவிடும்.

முட்டை, பால், உப்பு, மிளகு ஆகியவற்றை நன்கு அடித்துத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றுக. ரொட்டியை ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் ஊறவிடுக. வெங்காயத்தையும் மிளகாயையும் முட்டையோடு கலந்துவிட்டால் அவை பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். ஆகையால், தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு ரொட்டியை இட்டபின், பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் மிளகாயையும் தழையையும் மேலே தூவி, ஒரு கரண்டி முட்டைக் கலவையை அதன்மேல் விட்டு அழுத்துக. அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்புக.

தீ மிதமாக இருத்தல் வேண்டும். இங்குதான் பலர் அவசரப்படுகின்றனர். பெருந்தீயில் வெளிப்புறம் சிவந்துவிடும். நடுவிலோ முட்டை பச்சையாகவே இருக்கும். வேகாத முட்டையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். பக்கத்திற்கு மூன்று நிமிடம் வேகவிட்டு, ஒரு துண்டை நடுவில் பிளந்து பாருங்கள். ஈரமான முட்டை கசியாதிருந்தால் வெந்துவிட்டது. ஓடு விரிந்த முட்டைகளைத் தவிர்க்க. மீந்த கலவையை நமது வெப்பத்தில் வெளியே வைத்திருந்து மாலையில் பயன்படுத்தலாகாது, அப்போதே பொரித்துவிடுக.

வெள்ளிக்கிழமையில் சைவம் உண்போர், முட்டைக்குப் பதிலாகக் கடலை மாவைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, உப்பும் சிறிது மஞ்சள் தூளும் சேர்த்துத் தோய்க்கலாம். இதில் ரொட்டியை ஊறவிடாமல் உடனே எடுத்துவிட வேண்டும்.

வறுத்து இடித்த நெத்திலியை மேலே தூவினால் குழந்தைகள் விரும்பி உண்பர். அப்போது உப்பைக் குறைத்துக்கொள்க. இது சூடாக வீட்டிலேயே உண்ண வேண்டிய உணவு. பல மணி நேரம் கழித்து உண்பதற்காக டப்பாவில் அடைத்து அனுப்ப ஏற்றதன்று. காலையில் நேரம் போதாதெனில், வெங்காயத்தையும் மிளகாயையும் முதல்நாள் இரவே நறுக்கிக் குளிர்பெட்டியில் மூடி வைக்கலாம். முட்டையை மட்டும் காலையில் உடைத்துக்கொள்க.