பதர் பட்ட கண்ணும் டி செல்களும்

பாபநாசம் வட்டாரத்தில் குடமுருட்டிக் கரை வயல்களில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடக்கும். கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் பதரும் சுணையும் காற்றில் பறக்கும். நெல் இலையின் ஓரமோ, சிலிக்கா ஏறி, அரம்போல் இருக்கும். இவற்றில் ஒன்று கண்ணைக் கீறினால் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வதே வழக்கம். பெரும்பாலும் கீறல் ஆறிவிடும். சிலருக்கு மட்டும் சில நாள்களில் கண் சிவந்து வலிக்கும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றிப் பரவும். அது பூஞ்சை முளைத்த இடம்.

இது அரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்து 1997இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. கிருமி வளர்ந்து தெரிந்தவர்கள் 297 பேர். அவர்களில் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும். 139 பேருக்குப் பூஞ்சை மட்டும். பூஞ்சைகளில் முதலிடம் ஃபுசேரியத்துக்கு, அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸுக்கு. இரண்டுமே மண்ணிலும் வைக்கோலிலும் வாழ்பவை.

அப்படியானால் அவற்றின் வித்துகளை நாம் நாள்தோறும் சுவாசிக்கிறோமே, ஏன் எல்லோரும் நோயில் விழுவதில்லை? நம் வெள்ளணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு அழித்துவிடுகின்றன. எப்படி அடையாளம் காண்கின்றன என்பதுதான் சுவையான கதை.

பூஞ்சையின் செல் சுவரில் பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. நம் உடலில் அது கிடையாது. ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் வித்து அதை வெளியே காட்டாது. அரிசியை உமி மூடியிருப்பதுபோல் ஒரு புரத உறை மூடியிருக்கும். வித்து ஈரத்தில் ஊறி முளைக்கும்போது உறை கிழிகிறது. அப்போது குளுக்கன் வெளிப்படுகிறது. திசுக்களில் காவல் இருக்கும் கிளைச் செல்களின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி உள்ளது. குளுக்கன் அதில் ஒட்டியதும் கிளைச் செல் விழித்துக்கொள்கிறது. பூஞ்சையை விழுங்கி, துண்டு துண்டாக வெட்டி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் புறப்படுகிறது.

டி செல்கள் அங்கேதான் வந்து போகின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த டி செல் முழுப் பூஞ்சையைப் பார்ப்பதே இல்லை! கிளைச் செல் தன் மேற்பரப்பில், எம்.எச்.சி. என்னும் புரதத் தட்டில் வைத்துக் காட்டும் சிறு புரதத் துண்டைத்தான் அது தொட்டுப் பார்க்கிறது. தைமஸ் சுரப்பியில் உருவாகும்போதே ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு தனி ஏற்பி அமைந்துவிடுகிறது. பல இலட்சம் செல்களில் ஏதோ சிலவற்றுக்கே அந்தத் துண்டு பொருந்தும். பொருந்தினாலும் போதாது. “இது ஆபத்தானது” என்று கிளைச் செல் இன்னொரு குறிப்பும் தர வேண்டும். இரண்டும் கிடைத்தால் டி செல் பெருகத் தொடங்கும். இதற்குச் சில நாள்கள் ஆகும்.

பெருகிய செல்கள் எல்லாம் ஒரே வேலை செய்வதில்லை. டி.எச்-17 என்ற வகை, இன்டர்லூக்கின்-17 என்ற பொருளைச் சுரந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைக் கூட்டமாக வரவழைக்கிறது. டி.எச்-1 என்ற வகை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து, விழுங்கும் செல்களுக்கு வலுவூட்டுகிறது. பூஞ்சை இழை நீண்டுவிட்டால் எந்த வெள்ளணுவாலும் விழுங்க முடியாது. நியூட்ரோஃபில்கள் அதைச் சூழ்ந்து நின்று, வீரியமுள்ள ஆக்சிஜன் பொருள்களைப் பொழிந்து அழிக்கின்றன. டி செல் இங்கே ஊரைத் திரட்டும் தண்டோராக்காரர். அடிக்கிற கை வேறு.

கருவிழியில் ஒரு சங்கடம். ஒளி புகவேண்டி, அங்கே இரத்தக் குழாய்களே இல்லை. நியூட்ரோஃபில்கள் ஓரத்துக் குழாய்களிலிருந்து நகர்ந்து வர வேண்டும். வந்து போர் புரிந்தால், கண்ணாடி போன்ற திசுவும் சேர்ந்தே சிதைகிறது, வெண்தழும்பு விழுகிறது. சிவப்பும் வலியும் இப்போரின் அடையாளங்களே.

ஆபத்து இங்கேதான் நுழைகிறது. கண் சிவந்ததும் மருந்துக் கடையில் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி விடுபவர்கள் உண்டு. ஸ்டீராய்டு டி செல்களின் சுரப்புகளை அடக்குகிறது. சிவப்பு குறையும், வலி தணியும், குணமாகிறது என்று தோன்றும். பூஞ்சையோ தடையின்றி உள்ளே இறங்கும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவினாலும் இதே கதைதான். 2021இல் கொரோனாவுக்குப் பின் வந்த கறுப்புப் பூஞ்சை நோயிலும், கட்டுக்கடங்காத சர்க்கரையோடு ஸ்டீராய்டும் பலரிடம் சேர்ந்திருந்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் வாயில் வெண்பூஞ்சை படர்வதற்கும் டி செல்கள் குறைந்ததே காரணம்.

கிராமங்களில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணில் விடுவது இன்னொரு பழக்கம். அதுவும் கிருமியைச் சேர்க்கலாம், நாளையும் கடத்துகிறது.

கண் மருத்துவர் செய்வது எளிய சோதனை. புண்ணைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி இட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார். பூஞ்சை இருந்தால் சில நிமிடங்களில் இழைகள் தெரியும். நேட்டமைசின் என்ற சொட்டு மருந்தை முதலில் மணிக்கொரு முறையும் பிறகு குறைத்தும் பல வாரம் விட வேண்டும். பூஞ்சைச் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலை இம்மருந்து பற்றிக்கொள்கிறது. நம் செல்களில் இருப்பது கொலஸ்டிரால். எனவே அவை தப்புகின்றன. விலை கூடிய வோரிகோனசோலுடன் இதை ஒப்பிட்டு, அரவிந்த் மருத்துவமனை பங்கேற்ற ஆய்வு ஒன்று 2013இல் வெளியாயிற்று. 323 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில் நேட்டமைசினே சிறந்தது என்று தெரிந்தது. ஃபுசேரியம் தொற்றியவர்களிடம் வேறுபாடு மிக நன்றாகத் தெரிந்தது.