இல்லத்திற் புகையும் மாதர் உரிமையும்

புகை பிடித்தல் ஆடவரின் சொந்த விஷயம் என்றும், அதனைக் குறித்துப் பேச மாதர்க்கு உரிமையில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒருவன் பற்றவைக்கும் சுருட்டின் புகை அவனோடு நில்லாது. அவன் ஊதிவிடும் புகையும், எரியும் முனையினின்று எழும் புகையும் அறையெங்கும் பரவி, அங்குள்ளார் அனைவருடைய சுவாசத்திலும் கலக்கின்றன. ஜப்பான் தேசத்து அறிஞர் ஹிராயாமா என்பார், தாம் புகை பிடியாத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் கவனித்து, 1981-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். நாள்தோறும் 20 சிகரெட்டுகளுக்குக் குறையாது பிடிக்கும் கணவரையுடைய மாதர் நுரையீரற் புற்றுநோயால் இறப்பது, புகை பிடியாதாரின் மனைவியரினும் ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. இதனைச் சிலர் மறுத்தனராயினும், பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின. குழந்தைகட்கோ ஆஸ்துமாவும் காதுநோயும் மிகும். ஆதலின், தன் உயிரையும் தன் மக்களின் உயிரையும் தொடும் ஒன்றைப் பற்றிப் பேசும் உரிமை மனையாளுக்கு உண்டென்பது தெளிவு.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் வழங்கும் விதிகளும் பொதுவிடங்களிற் புகை பிடித்தலைத் தடுக்கின்றன. வீட்டு வாயிலை அவை தாண்டா. அங்கே சட்டமியற்ற வல்லார் வீட்டாரே.

இனி, மாதர் செய்யத்தக்கன யாவை? முதலாவது, வீட்டினுள் எவரும் புகை பிடித்தல் கூடாதென்று வரையறுத்தல். சாளரத்தைத் திறந்துவைத்தலும் வேறு அறைக்குச் செல்லுதலும் போதா. இரண்டாவது, பீடி வாங்கச் சிறுவரைக் கடைக்கு அனுப்பாமை. 18 வயது நிரம்பாதார்க்குப் புகையிலை விற்றல் சட்டப்படி குற்றமாம். மூன்றாவது, விட முயல்வார்க்குத் துணையாயிருத்தல். நிக்கோட்டினுக்கு அடிமைப்பட்ட உடல் தொடக்கத்திற் சினமும் உறக்கமின்மையும் காட்டும். அது குணக்கேடன்று, பழக்கம் விலகுவதன் குறி. ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிஷங்களிலே தணியும். அந்நேரத்தில் ஒரு குவளை நீரும் ஓர் இன்சொல்லும் செய்யும் உதவியை வசைமொழி செய்யாது.

எனினும், பாரம் முழுவதையும் மாதர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. திருநெல்வேலிப் பக்கத்தில் எத்தனையோ மாதர் வயிற்றுப்பாட்டுக்காகத் தம் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். அவர்கட்குப் புகையிலை நஞ்சாகவும் இருக்கின்றது, சோறாகவும் இருக்கின்றது. அவரைக் குறைகூற நாம் யார்? வாய்திறந்தால் அடியுண்ணும் மாதரும் உளர். கேட்கும் உரிமை மாதருடையது. விடும் கடனோ புகை பிடிப்பானுடையதே.

விளையாட்டாகச் சிகரெட்டுப் பற்றவைக்கும் நம் தோழர் இதனை நினைவிற் கொள்வாராக. இன்று தெருவிலே தொடங்கும் பழக்கம் நாளை வீட்டினுள் நுழையும். அங்கே அதன் புகையை உட்கொள்பவள் ஒரு தாயாகவோ மனைவியாகவோ இருப்பாள்.